டாக்டரிடம் சொல்லாத பழக்கம்

ஆஸ்பத்திரியில் யாரையாவது அட்மிட் செய்யப் போனால், முதலில் ஒரு நர்ஸ் கையில் தாளோடு வந்து வரிசையாகக் கேள்விகள் கேட்பார். சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "சிகரெட், பீடி, புகையிலைப் பழக்கம் ஏதாவது?" என்பார். அந்த இடத்தில்தான் நம் வீட்டு மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கணவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி மாமியாரைப் பார்ப்பாள். மாமியார் கூரையைப் பார்ப்பார். கடைசியில் யாராவது ஒருவர், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிடுவார். நர்ஸும் தாளில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஒரு 'இல்லை' நோயாளியை எத்தனை பாடு படுத்தும், அதைச் சரியாக எழுதி வைத்தால் எவ்வளவு உபகாரம் என்பதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். "எங்க வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கமே இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வெற்றிலையோடு சேர்கிற புகையிலையும் புகையிலைதான். மூக்குப்பொடியும் புகையிலைதான். 2016-17-ல் நம் நாட்டில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை உபயோகிக்கிறார்கள் என்று தெரிந்தது. பெண்களில் மட்டும் நூற்றுக்கு 14.2 பேர். இவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள் அல்ல, வாயில் போடுபவர்கள். நம் பாட்டி, அத்தை, பெரியம்மா எல்லாரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

என் பெரியம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது தாண்டியவர். கல்யாணமான புதிதில் வெற்றிலையோடு பன்னீர்ப் புகையிலை போட ஆரம்பித்தவர், பல் போன பிறகு சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொள்வார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அவர்கள் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 'பழக்கம் ஏதாவது?' என்ற கேள்விக்கு என் அண்ணன், "அம்மாவுக்கு ஒரு பழக்கமும் கிடையாது, காபி கூட ஒரு வேளைதான்" என்று பெருமையாகச் சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை. வெற்றிலை போடுவதை ஒரு பழக்கமாகவே அவர் நினைத்ததில்லை! நகையைக் கழற்றி வாங்கும்போது பெரியம்மாவின் சுருக்குப்பையையும் வாங்கி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று ராத்திரி ஆரம்பித்தது வேதனை. தூக்கம் இல்லை. படுக்கையில் இருப்புக் கொள்ளவில்லை. குளுகோஸ் ஏறும் கையை உதறுகிறார், நர்ஸை வைகிறார், காரணமில்லாமல் அழுகிறார். ஜென்மத்தில் ஒருவரையும் அதட்டிப் பேசாத மனுஷி! "மயக்க மருந்து தலைக்கு ஏறிடுச்சு" என்றார் ஒருவர். "வயசாச்சில்ல, புத்தி தடுமாறுது" என்றார் இன்னொருவர். தூங்குவதற்கு ஊசி போட்டார்கள். ஊசியின் வேகம் தணிந்ததும் மறுபடி அதே கதை.

மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது, வார்டைத் துடைக்க வந்த ஆயா ஒருத்தி பெரியம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு, "பாட்டி வெத்தலை போடுமா? பொகையிலையும் உண்டா?" என்று கேட்டாள். அண்ணி உடனே ஓடிப் போய் டியூட்டி டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். வலி மருந்து போதுமா, காய்ச்சல் உண்டா, உடம்பில் உப்புச் சத்து குறைந்திருக்கிறதா, சிறுநீரில் தொற்று உண்டா என்று எல்லாவற்றையும் முதலில் சோதித்தார். "பாட்டி, இன்னிக்கு என்ன கிழமை? இவங்க யாரு?" என்று கேட்டார். பெரியம்மா சரியாகச் சொன்னார், கூடவே நாலு திட்டும் கொடுத்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "புத்தி நல்லா இருக்கு. அம்பது வருஷமா தினமும் உடம்புக்குப் போய்க்கிட்டிருந்த நிகோடின் திடீர்னு நின்னு போச்சு. அதோட அவஸ்தைதான் இது" என்றார். நிகோடின் பட்டை ஒன்றைத் தோளில் ஒட்டச் சொன்னார். இரண்டு நாளில் பெரியம்மா பழைய பெரியம்மாவாகிவிட்டார்.

இந்த அவஸ்தைக்கு ஆங்கில வைத்தியத்தில் 'நிகோடின் வித்டிராயல்' என்று பெயர். வெகு நாள் தினமும் புகையிலை உபயோகித்தவர் அதைச் சட்டென்று நிறுத்தினாலோ, நன்றாகக் குறைத்தாலோ வருவது. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேடு 1980-ல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே இதை ஒரு தனிக் கோளாறாகச் சேர்த்துவிட்டது. 1988-ல் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரி எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கை, நிகோடின் ஆளை அடிமைப்படுத்தும் வஸ்து என்று திட்டவட்டமாகச் சொன்னது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு ஏழு அறிகுறிகளைச் சொல்கிறது: எரிச்சலும் கோபமும், மனப்பதற்றம், எதிலும் கவனம் நிற்காமை, அதிகப் பசி, இருப்புக் கொள்ளாமை, மனச்சோர்வு, தூக்கமின்மை. நிறுத்திய 24 மணி நேரத்துக்குள் இவற்றில் நாலோ அதற்கு மேலோ தோன்றி, வேறு காரணமும் இல்லையென்றால், அது வித்டிராயல்.

சில மணி நேரத்தில் தலைகாட்டி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் மெதுவாக அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த உச்ச நாட்களும், ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்களும் ஒன்றாகவே வந்து விழுகின்றன, பார்த்தீர்களா? அதனால்தான் வலி என்றும், மயக்க மருந்து என்றும், வயசு என்றும் தப்பாக எடுத்துக்கொள்கிறோம். குடிப்பழக்கம் உள்ளவர் திடீரென்று நிறுத்தினாலும் பதற்றமும் தூக்கமின்மையும் வரும்; அது வலிப்பு வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். எது எதனால் என்று டாக்டர் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், உள்ளதை உள்ளபடி நாம் சொன்னால்தானே முடியும்?

பெரியம்மா வீடு திரும்பியதும் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். எலும்பு முறிவு பற்றி விவரமாக இருந்தது. ராத்திரி தூங்காததற்கு 'பதற்றம்' என்று ஒரே வார்த்தை. புகையிலை பற்றி ஓர் எழுத்து இல்லை! அடுத்தாற்போல் கண்புரை ஆபரேஷனுக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் அவர். அங்கே இந்தத் தாளைக் காட்டினால், 'ஏதோ பதற்றக்காரப் பாட்டி' என்றுதானே நினைப்பார்கள்?

இதைப் பற்றி எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, அதற்கென்று தனியாகப் பரீட்சையும் எழுதி, சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கேஸ் ஷீட்டுகள் கம்ப்யூட்டர் வழியாக இவர்களிடம் வருகின்றன. சென்னையில் இந்த வேலைக்கென்றே ஆயிரக்கணக்கான பெண்கள் தினமும் பஸ் ஏறுகிறார்கள். "அப்படி என்னதாம்மா செய்யறீங்க அங்கே?" என்று கேட்டேன்.

"டாக்டர் எழுதினதைப் படிச்சு, ஒவ்வொரு வியாதிக்கும் நம்பர் போடறோம், ஆன்ட்டி. அந்த நம்பரை வச்சுதான் அங்கே இன்ஷூரன்ஸ்காரங்க பணம் கொடுப்பாங்க. எத்தனை பேருக்கு என்ன வியாதின்னு கணக்கு எடுக்கறதும் அதை வச்சுத்தான்" என்றாள். நோயாளிகளின் பெயரையோ கதையையோ வெளியில் மூச்சு விடக் கூடாது என்பது அவர்கள் வேலையின் முதல் விதியாம். அதனால் அவள் சொன்னதெல்லாம் பொதுவான விஷயம்தான்.

வியாதிகளுக்கு எண் கொடுக்கும் ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1893-ல் ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் மரணக் காரணங்களை வகைப்படுத்தி ஒரு சர்வதேசப் பட்டியல் தயாரித்தார். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, மரணத்தோடு வியாதிகளையும் சேர்த்தது. அதன் பத்தாவது திருத்தத்துக்கு ஐ.சி.டி.-10 என்று பெயர். அமெரிக்கர்கள் அதையே தங்கள் தேவைக்கு இன்னும் நுணுக்கமாக விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் உபயோகிக்கிறார்கள்.

"புகையிலைக்கு என்ன நம்பர்?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு காகிதத்தில் 'எஃப்17.213' என்று எழுதிக் காட்டினாள். நம் தபால் பின்கோடு மாதிரிதான் இதுவும். பின்கோடில் முதல் எண் மண்டலத்தையும், அடுத்தடுத்த எண்கள் வட்டாரம், மாவட்டம், கடைசியில் தபாலாபீஸ் என்றும் காட்டுகிற மாதிரி, இதிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. 'எஃப்' என்றால் மனமும் நடத்தையும் சம்பந்தப்பட்ட கோளாறுகள். '17' என்றால் நிகோடின். புள்ளிக்கு அடுத்த '2' என்றால் அதற்கு அடிமைப்பட்ட நிலை. அடுத்த எண் எந்த வடிவம் என்பதைச் சொல்கிறது: 1 என்றால் சிகரெட், 2 என்றால் மெல்லும் புகையிலை, 9 என்றால் மற்ற புகையிலைச் சாமான்கள், எது என்று டாக்டர் எழுதவே இல்லையென்றால் 0. கடைசி எண்தான் முக்கியம்: 0 என்றால் வேறு சிக்கல் இல்லை, 1 என்றால் பழக்கம் அடங்கியிருக்கிறது, 3 என்றால் வித்டிராயல். 8-ம் 9-ம் நிகோடினால் வந்த மற்றக் கோளாறுகளுக்கு.

ஆக, சிகரெட் பிடித்தவர் நிறுத்திய அவஸ்தைக்கு எஃப்17.213. மெல்லும் புகையிலைக்காரருக்கு எஃப்17.223. என் பெரியம்மா அமெரிக்காவில் படுத்திருந்தால் இந்த இரண்டாவது எண்தான் அவருக்கு விழுந்திருக்கும்.

"அதுதான் விழாது, ஆன்ட்டி!" என்றாள் அந்தப் பெண். "நீங்க சொன்ன அந்த டிஸ்சார்ஜ் சம்மரி எங்கிட்ட வந்திருந்தா, நான் புகையிலைக்கு ஒரு நம்பரும் போட முடியாது. டாக்டர் எழுதாததை நாங்களா ஊகிச்சு எழுதக் கூடாது. நர்ஸ் குறிப்பிலே 'பாட்டி தூங்கலை, கோபப்படறாங்க'ன்னு இருந்தாலும் போதாது. தோளிலே பட்டை ஒட்டினாங்கன்னு மருந்துச் சீட்டிலே இருந்தாலும், அதை வச்சு வித்டிராயல்னு நானே முடிவு கட்ட முடியாது. 'இது நிகோடின் வித்டிராயல்'னு டாக்டர் தன் கையாலே எழுதணும்."

ஒரே மனிதரைப் பற்றி டாக்டர் எழுதும் வார்த்தைக்கு வார்த்தை எண் மாறுகிறது என்பதையும் சொன்னாள். 'புகையிலை உபயோகம்' என்று மட்டும் எழுதினால் இசட்72.0, அது வியாதியே அல்ல, வெறும் வழக்கம். 'ஸ்மோக்கர்' என்று எழுதிவிட்டால் அடிமைப்பட்ட நிலைக்கான எஃப்17 வரிசைக்குப் போய்விடும். 'முன்பு புகைத்தவர், இப்போது இல்லை' என்றால் இசட்87.891. கர்ப்பிணி புகையிலை உபயோகித்தால் அதற்கு ஓ99.33 என்று ஒரு தனி வரிசையே இருக்கிறது. தான் புகைக்காமல், வீட்டில் மற்றவர் விடும் புகையைச் சுவாசித்துக்கொண்டிருப்பவருக்குக்கூட இசட்77.22 என்று ஓர் எண்! நம்மில் எத்தனை பேருக்கு அந்த எண் பொருந்தும் என்று யோசித்துப் பார்த்துக்கொண்டேன்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். டாக்டருக்கு ஒரு கேள்விச் சீட்டு அனுப்புவார்களாம். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 'இது வித்டிராயல்தானே, அப்படியே எழுதிக் கொடுங்கள்' என்று பதிலை வாயில் ஊட்டக் கூடாது. 'இந்த நாளில் இந்த அறிகுறிகள் இருந்தன, இந்த மருந்து கொடுக்கப்பட்டது. இதற்கான காரணத்தைத் தெளிவுபடுத்தவும்' என்றுதான் கேட்க வேண்டும். பழக்கத்தை விடச் சொல்லி டாக்டர் புத்தி சொன்ன நேரத்துக்குக்கூட அங்கே எண் உண்டு. மூன்று நிமிஷத்துக்கு மேல் பத்து நிமிஷம் வரை பேசினால் 99406. பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் 99407. எத்தனை நிமிஷம், என்ன பேசினார் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் பேசாத மாதிரிதான்.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் இன்ஷூரன்ஸ் சமாசாரம், நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். எண் அவர்களோடு இருக்கட்டும். அந்த எண்ணைப் போடுவதற்காக அவர்கள் கேட்கிற விவரங்கள் இருக்கின்றனவே, அவை எந்த ஊர் நோயாளிக்கும் வேண்டியவை. எந்த வடிவப் புகையிலை, எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது, நிறுத்தியதும் என்ன ஆயிற்று, என்ன மருந்து கொடுத்தார்கள் – இந்த ஆறு விஷயம் ஒரு தாளில் இருந்தால் அடுத்த டாக்டர் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

ஏன் இத்தனை நுணுக்கம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சிகரெட், பீடிப் புகையில் உள்ள சில ரசாயனங்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, சில மருந்துகளைச் சீக்கிரமாகக் கரைத்து வெளியேற்றச் செய்கின்றன. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் அப்படிப்பட்ட ஒரு மருந்து. புகைப்பதை நிறுத்திய சில நாளில் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அப்போது அதே அளவு மாத்திரை ரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்து, வாந்தி, படபடப்பு என்று தொல்லை கொடுக்கலாம். மனநோய்க்குக் கொடுக்கும் க்ளோசபினுக்கும் இது பொருந்தும். இந்த வேலையைச் செய்வது புகைதான், நிகோடின் அல்ல. ஆகவே வெற்றிலைப் புகையிலைக்காரருக்கு இந்தச் சிக்கல் வராது. 'புகையிலைப் பழக்கம்' என்று மொட்டையாக எழுதாமல், சிகரெட்டா, பீடியா, மெல்லுவதா என்று எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு வேடிக்கை, நம் காபியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! புகைப்பவர் உடம்பில் காபியின் கஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். நிறுத்தியதும் அதே இரண்டு டம்ளர் காபி அதிக நேரம் ரத்தத்தில் நிற்கும். "சிகரெட்டை விட்டதிலிருந்து படபடன்னு வருது, தூக்கமே இல்லை" என்கிறவர்களுக்குக் காபியும் ஒரு காரணமாக இருக்கலாம். டிகாக்‌ஷனைப் பாதியாகக் குறைத்து, மத்தியானத்துக்கு மேல் காபியை நிறுத்திப் பாருங்கள்.

இனி, நாம் செய்யக்கூடிய காரியம். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்று முடிவானால், ஆஸ்பத்திரிக்குக் கட்டும் பையில் துண்டு, ஃபிளாஸ்க்கோடு இந்தச் சீட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1. என்ன உபயோகிக்கிறார்: சிகரெட், பீடி, சுருட்டு, வெற்றிலைப் புகையிலை, பாக்கெட் புகையிலை, மூக்குப்பொடி – எதுவோ அது. இரண்டு இருந்தால் இரண்டும்.

2. ஒரு நாளைக்கு எவ்வளவு: எத்தனை சிகரெட், எத்தனை தடவை வெற்றிலை, ஒரு பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும்.

3. எந்த வயதிலிருந்து.

4. காலையில் கண் விழித்த எத்தனை நிமிஷத்தில் முதலாவது வேண்டும்: இது சின்னக் கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் அடிமைத்தனத்தின் ஆழத்தை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் சோதனையில் இதற்குத்தான் முக்கிய இடம். ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் முழுசாக 3 மார்க். ஒரு மணிக்கு மேல் என்றால் சைபர். மொத்தம் 10 மார்க்கில் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஆழமான பிடி.

5. கடைசியாக எப்போது: தேதி, நேரம்.

6. முன்பு எப்போதாவது விட்டுப் பார்த்தாரா, அப்போது உடம்புக்கு என்ன செய்தது.

7. மதுப்பழக்கம் உண்டா: கூச்சப்படாமல் இதையும் எழுதுங்கள்.

8. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்.

எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று தனியாகக் கொடுத்துவிடலாம். சில வீடுகளில் அப்பா சிகரெட் பிடிப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. மகன் பிடிப்பது அப்பாவுக்குத் தெரியாது. வீட்டுப் பெண்களுக்கு எல்லாம் தெரியும். சட்டைப் பையைத் துவைக்கிறவர்கள் நாம்தானே! நம் ஒருவர் கையில்தான் அந்த விவரம் பூரணமாக இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். டாக்டர் கையில் விளக்கைக் கொடுப்பதாக நினையுங்கள்.

"எழுதி வைத்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்காதே" என்ற பயமும் பலருக்கு உண்டு. பாலிசி எடுக்கும்போதே படிவத்தில் புகையிலை பற்றிக் கேட்கிறார்கள். அங்கே உள்ளதைச் சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரித் தாளில் அது இருப்பதால் முரண்பாடு எதுவும் இல்லை. மறைத்து வாங்கிய பாலிசிதான் சமயத்தில் காலை வாரும்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்னால், டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். புகையிலைப் பழக்கமும், அதை நிறுத்தியபோது நேர்ந்த அவஸ்தையும், கொடுத்த மருந்தும் அதில் இல்லையென்றால், "டாக்டர், இதையும் ஒரு வரி சேர்த்துக் கொடுங்களேன்" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார்கள். பெரியம்மா வீட்டில் அண்ணி திரும்பப் போய்க் கேட்டு, இரண்டு வரி சேர்த்து முத்திரையோடு வாங்கி வந்தாள். கண் ஆபரேஷனுக்கு அந்தத் தாள்தான் முன்னால் போயிற்று.

அவஸ்தையைக் குறைக்க மருந்துகள் உண்டு. நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், டாக்டர் சீட்டின் பேரில் சில மாத்திரைகள். சூயிங்கம் பிறந்த கதை ருசியானது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க வழியில்லாத ஸ்வீடன் மாலுமிகள் வாயில் புகையிலை அடக்கிக்கொண்டு சமாளித்ததைப் பார்த்துத்தான், அந்த நாட்டு விஞ்ஞானிகளுக்கு இந்த யோசனை தோன்றியது. அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது. காரம் தெரிகிற வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ள வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழரசம் கூடாது. நிகோடின் சரியாக உள்ளே இறங்காது. எந்த அளவு, எத்தனை நாள் என்பதை டாக்டரே சொல்லட்டும். இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே கூடாது.

வீட்டில் நாம் செய்வதும் உண்டு. புகையிலை வேண்டும் என்ற அந்த வேகம் சில நிமிஷம்தான் நிற்கும். அதைத் தாண்டிவிட்டால் தானே இறங்கும். அந்த நிமிஷங்களுக்கு ஒரு கிராம்பு, ஒரு ஏலக்காய், கொஞ்சம் வறுத்த சோம்பு கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பாக்கு வேண்டாம், அதுவே வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் பொருள். பசி அதிகமாகும், தித்திப்பில் ஆசை போகும். அதற்குப் பட்சணத்தைத் திறந்து வைக்காமல், வெள்ளரிப் பிஞ்சு, கேரட், கொய்யா, நெல்லிக்காய் என்று நறுக்கி வையுங்கள். சிலருக்கு மலச்சிக்கல் வரும். கீரையும் பப்பாளியும் தண்ணீரும் கூடுதலாகக் கொடுங்கள். வெற்றிலைச் செல்லம், லைட்டர், சாம்பல் கிண்ணம் எதுவும் கண்ணில் படக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த முதல் மூன்று நாள் கோபத்தை நாம் மனசில் வாங்கிக்கொள்ளாமல் இருப்பது. சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினால், அது உப்பின் குற்றமும் அல்ல, நம் குற்றமும் அல்ல, நிகோடினின் வேலை. "இந்த எரிச்சலுக்குப் பழையபடி பிடிச்சே தொலைக்கலாம்" என்று நாமே சொல்லிவிடக் கூடாது. ஆனால் மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்கிற பேச்சு வந்தாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வயதானவர் கிழமை தெரியாமல், ஆள் தெரியாமல் உளறினாலும் அப்படித்தான். அதைப் பழக்கம் விட்ட அவஸ்தை என்று நாமாகத் தீர்மானித்துவிடக் கூடாது.

விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அந்த எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் கண்ணில் படாவிட்டாலும், பையைத் துவைக்கிற நம் கண்ணில் பட்டால் போதும்.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை அந்த நர்ஸ் தாளோடு வந்து கேட்கும்போது, வீட்டார் யார் முகத்தையும் பார்க்காமல், சீட்டை எடுத்து நீட்டுங்கள்.